கிளாட் இங்கிலீஷ் பாஸேஜ்: பசங்களும் பெத்தவங்களும் கேக்கற கேள்விகள், என் பதில்கள்

நான் முசிறி பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் 2022 டிசம்பர்ல கிளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைகள்ல சேரறதுக்கான நுழைவுத் தேர்வு எழுதி இப்ப சட்டம் நாலாவது வருஷம் படிக்கறேன். லீவுக்கு ஊருக்கு வந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில அஞ்சாறு பிள்ளைங்க உக்காந்திருக்கும், மத்த நாள்ல போன்ல கேப்பாங்க. எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்கறது ஒரே விஷயத்தைத்தான், அந்த இங்கிலீஷ் பாஸேஜை எப்படி சமாளிக்கறதுனு. அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

அக்கா, முதல்ல அந்த பகுதியில என்னதான் வரும்?

கிளாட் மொத்தம் 120 கேள்வி, 2 மணி நேரம், 120 மார்க். அதுல இங்கிலீஷ் மட்டும் 22-ல இருந்து 26 கேள்வி வரும், கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. நான் எழுதினப்ப மொத்தம் 150 கேள்வி இருந்துச்சு, 2023 டிசம்பர் தேர்வுல இருந்துதான் 120 ஆக்கினாங்க. ஒவ்வொரு பாஸேஜும் சுமார் 450 வார்த்தை, கதையும் இருக்கலாம் கட்டுரையும் இருக்கலாம், பன்னெண்டாவது படிக்கற பிள்ளை 5-ல இருந்து 7 நிமிஷத்துல படிக்கற அளவுக்கு இருக்கும்னு தேர்வை நடத்தற கன்சார்டியமே, அதாவது தேசிய சட்டப் பல்கலைகளோட கூட்டமைப்பே சொல்லுது. பாஸேஜுக்குக் கீழ வரிசையா அஞ்சாறு கேள்வி. மையக்கருத்து என்ன, இதுல இருந்து என்ன ஊகிக்கலாம், ஆசிரியர் யாரோட ஒத்துப்போறார் யாரோட முரண்படறார், இந்த வார்த்தைக்கு இந்த இடத்துல என்ன அர்த்தம், இந்த மாதிரிதான் கேப்பாங்க. கோடிட்ட இடத்தை நிரப்புற பழைய காலத்து கிராமர் கேள்வியை மனசுல வெச்சுக்கிட்டு பயப்படாதீங்க, 2020-லயே மொத்தமா பாஸேஜுக்கு மாத்திட்டாங்க. வீட்ல அண்ணன் அக்கா வாங்கிப் போட்ட 2020-க்கு முந்தின புக் இருந்தா இந்த பகுதிக்கு அதைத் தொடவே வேணாம்.

இன்னொண்ணு, இது ரொம்ப பேருக்கு லேட்டாத்தான் புரியுது. சட்டம், லாஜிக், நடப்பு நிகழ்வு, கணக்கு எல்லாமே பாஸேஜ் குடுத்துத்தான் கேக்கறாங்க. தோராயமா 20 பாஸேஜ்னு வெச்சுக்கிட்டாலே 9,000 வார்த்தை ஆச்சு, கேள்வியும் ஆப்ஷனும் தனி. அதனால இங்கிலீஷ்ல 24 மார்க்தானே, அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வெக்காதீங்க, இங்க கத்துக்கற வேலைதான் பேப்பர் பூரா ஓடும்.

நான் தமிழ் மீடியம். என்னால முடியுமா, உண்மையைச் சொல்லுங்க

முடியும். ஆனா சுலபம்னு பொய் சொல்ல மாட்டேன். தேர்வு இங்கிலீஷ்ல மட்டும்தான் நடக்குது, தமிழ்ல எழுத வழியில்ல, அது எனக்கு இன்னைக்கும் வருத்தமான விஷயம்தான். ஆனா ஒண்ணு பாருங்க, ஒரு கட்டுரையைப் படிச்சுட்டு எழுதினவர் என்ன சொல்ல வர்றார், எதை மறுக்கறார், எங்க இழுக்கறார்னு பிடிக்கறது இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட திறமை மட்டும் கிடையாது. தமிழ்ல தலையங்கம் படிச்சுட்டு அப்பாவோட வாக்குவாதம் பண்ற பொண்ணுக்கு பாதி வேலை முடிஞ்சு போச்சு. மீதிப் பாதி வாக்கியத்தோட பழகறது. அதுக்கு ஒரு வருஷம் வேணும், குறைஞ்சது எட்டு மாசமாவது வேணும், தினமும் ஒரு மணி நேரம். பதினொண்ணாவது லீவுல ஆரம்பிச்சா நிம்மதியா போகலாம். தேர்வு டிசம்பர் வாக்குல வருது, ஜூலை ஆகஸ்ட் வாக்குல அப்ளிகேஷன் திறப்பாங்க, அதை மனசுல வெச்சு நாளை எண்ணுங்க.

ஒரு பாஸேஜ் படிச்சு முடிக்கவே எனக்கு 8 நிமிஷம் ஆகுது. வேகம் எப்படி ஏத்தறது?

கணக்கு முதல்ல. 24 கேள்விக்கு 25 நிமிஷம்னு வெச்சா, நாலு பாஸேஜ், ஒண்ணுக்கு ஆறு நிமிஷம். படிக்க மூணு, கேள்விக்கு மூணு. 450 வார்த்தையை மூணு நிமிஷத்துல படிக்கணும்னா நிமிஷத்துக்கு 150 வார்த்தை. இது பெரிய வேகமே இல்ல, சாதாரணமா புரிஞ்சு படிக்கற வேகம்தான். நம்ம பிள்ளைங்களுக்கு நேரம் போறது கண்ணு மெதுவா ஓடறதால இல்ல, ஒரே வரியை மூணு தடவை படிக்கறதால.

ஏன் மூணு தடவை படிக்கறோம்? இதை நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். தமிழ் வாக்கியத்துல வினை கடைசியிலதான் வரும். "பல வருஷமா இந்த மாதிரி விஷயத்துல தலையிட மறுத்து வந்த கோர்ட்டு கடைசியில விசாரணைக்கு உத்தரவிட்டது." கடைசி வார்த்தை வரைக்கும் எல்லாத்தையும் கையில பிடிச்சுக்கிட்டு காத்திருக்க நமக்குப் பழக்கம். இங்கிலீஷ்ல அதே வாக்கியம், "தி கோர்ட், விச் ஹேட் ஃபார் இயர்ஸ் டிக்ளைன்ட் டு இன்டர்ஃபியர் இன் ஸச் மேட்டர்ஸ், ஃபைனலி ஆர்டர்ட் அன் இன்க்வைரி"னு வரும். யாருன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டான், நடுவுல ரெண்டு கமாவுக்குள்ள ஒரு கிளைக்கதை, அப்புறம் என்ன செஞ்சதுனு. நாம அந்த கிளைக்கதையில போய் மாட்டிக்கிட்டு, யாரு என்ன செஞ்சான்னு தொலைச்சுட்டு திரும்ப முதல்ல இருந்து வர்றோம்.

அதனால என் பிள்ளைங்களுக்கு நான் குடுக்கற முதல் மாசத்து வேலை இதுதான். தினமும் ஒரு இங்கிலீஷ் தலையங்கம் எடுங்க, பென்சில் எடுங்க, ஒவ்வொரு நீள வாக்கியத்துலயும் யாரு, என்ன செஞ்சாங்க, அந்த ரெண்டுக்கு மட்டும் அடிக்கோடு. கோர்ட், ஆர்டர்ட். அவ்வளவுதான். விச், ஹூ, தட்னு ஆரம்பிக்கறதை அடைப்புக்குறிக்குள்ள போடுங்க. முதல் வாரம் ஒரு தலையங்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும், எரிச்சல் வரும், விடாதீங்க. நாலாவது வாரம் பென்சில் இல்லாமலே கண்ணு அந்த ரெண்டு வார்த்தைக்கு ஓடும். வேகம் தானா வரும். விரல் வெச்சுப் படி, நாலு நாலு வார்த்தையா படினு சொல்ற வேக வாசிப்பு வித்தையெல்லாம் இதுக்கு அப்புறம் வெச்சுக்கலாம், எனக்கு அதுல பெருசா நம்பிக்கை வரல.

படிக்கும்போது மனசுக்குள்ள தமிழ்ல மாத்தி மாத்திப் பாக்கறேன். தப்பா?

தப்பு இல்ல, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறோம். ஆனா வரிக்கு வரி மாத்தினா நேரம் பத்தாது. பாரா முடியற இடத்துல மட்டும் ஒரு வரி தமிழ்ல சொல்லிக்கோங்க, நம்ம பேச்சுத் தமிழ்ல. "சரி, இந்த ஆளு பழைய சட்டம் போதாதுனு சொல்றார்." அடுத்த பாரா, "ஆனா புதுச் சட்டத்தையும் முழுசா நம்பல." நாலு பாராவுக்கு நாலு வரி. மையக்கருத்து கேள்வி வரும்போது அந்த நாலு வரிதான் பதில், திரும்ப பாஸேஜுக்குப் போக வேண்டியதே இல்ல. இதுல தமிழ் நமக்கு இடைஞ்சல் இல்ல, துணைதான்.

எப்பவும் ரெண்டு ஆப்ஷன்ல மாட்டிக்கறேன், கடைசியில தப்பானதைத்தான் போடறேன். ஏன்?

இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நம்ம ஸ்கூல் இங்கிலீஷ் பேப்பர்லயும் பாரா குடுத்து கேள்வி கேட்டாங்க இல்லையா, அதுல நாம என்ன பண்ணினோம்? கேள்வியில இருக்கற வார்த்தையை பாராவுல தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினோம், முழு மார்க் வந்துச்சு. பன்னெண்டு வருஷமா பழகின அந்தப் பழக்கத்தைத்தான் கிளாட் குறி வெச்சு அடிக்குது. பாஸேஜ்ல இருக்கற அதே வார்த்தையை அப்படியே தூக்கி தப்பான ஆப்ஷன்ல வெப்பாங்க, சரியான விடையை வேற வார்த்தையில எழுதி வெப்பாங்க. தெரிஞ்ச முகம் மாதிரி இருக்கேனு நாம தப்பானதைத் தொடுவோம்.

ஒரு உதாரணம், நானே எழுதினது. தமிழ்லயே வெச்சுக்கலாம், வேலை ஒண்ணுதான்.

"நகரங்களில் மரம் நடுவதை யாரும் எதிர்ப்பதில்லை, அதுவே சிக்கல். எதிர்ப்பு இல்லாத இடத்தில் கேள்வியும் எழுவதில்லை. எந்த மரம், எந்தத் தெரு, மூன்றாம் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று எவரும் கேட்பதில்லை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. பிழைத்தவற்றை எண்ணுவோர் அரிது. மரம் நடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. நட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதே வீண்."

கேள்வி: ஆசிரியரின் மையக்கருத்து என்ன?

அ) நகரங்களில் மரம் நடும் திட்டங்கள் வீண்.
ஆ) நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை மூன்றாம் கோடையில் பட்டுப்போகின்றன.
இ) ஒரு முயற்சியை அதன் தொடக்கத்தை மட்டும் வைத்து அளப்பது போதாது, பிறகு நடக்கும் பராமரிப்பையும் விசாரிக்க வேண்டும்.
ஈ) அறிக்கைகளில் தரப்படும் கன்றுகளின் எண்ணிக்கை பொய்யானது.

திண்ணையில இதைக் குடுத்தப்ப பாதிப் பேர் ஆ-னு சொன்னாங்க. கன்று, மூன்றாம் கோடை எல்லாம் பாராவுல இருக்கே! இருக்கு, ஆனா "பட்டுப்போகின்றன"னு எங்க இருக்கு, "பெரும்பாலானவை"னு எங்க இருக்கு? எத்தனை பொழச்சதுனு எண்ணறவங்க அரிதுனுதான் சொல்றார், செத்துச்சுனு சொல்லல. அ பாருங்க, "வீண்"ங்கற வார்த்தை பாராவுல இருக்கு, ஆனா அவர் வாயாலயே அப்படிச் சொல்லலனு சொல்லிட்டார். ஈ-ல அவர் மேல இல்லாத குற்றச்சாட்டை ஏத்தறாங்க, எண்ணிக்கை பொய்னு எங்கயும் இல்ல, அது மட்டும் போதாதுனுதான் இருக்கு. இ-ல "முயற்சி", "தொடக்கம்", "பராமரிப்பு"னு பாராவுல இல்லாத வார்த்தையா இருக்கு, பாக்க அந்நியமா இருக்கும், ஆனா அவர் சொன்னது அதைத்தான்.

தப்பான ஆப்ஷன் பெரும்பாலும் இந்த மூணு விதத்துல வரும். சொன்னதை விட ஒரு படி கூட்டிச் சொல்றது, சொல்லாததை அவர் வார்த்தையை வெச்சே சொல்றது, இல்லன்னா பாராவுல உண்மையாவே இருக்கற ஒரு சின்ன விஷயத்தை மையக்கருத்துனு காட்டறது. ரெண்டு ஆப்ஷன்ல மாட்டினா எது நல்லா இருக்குனு பாக்காதீங்க. ரெண்டுலயும் ஒவ்வொரு வார்த்தையா எடுத்து இதுக்கு பாஸேஜ்ல எந்த வரி சாட்சினு கேளுங்க. சாட்சி இல்லாத ஒரு வார்த்தை இருந்தா போதும், அந்த ஆப்ஷன் அவுட். ஆல்வேஸ், நெவர், ஒன்லி, என்டயர்லி மாதிரி வார்த்தை வந்தா ரெண்டு தடவை சாட்சி கேளுங்க. அதுக்காக அந்த வார்த்தை வந்தாலே தப்புனு முடிவு பண்ணிடாதீங்க, ஆசிரியரே அவ்வளவு உறுதியா சொல்லியிருந்தா அதுதான் சரி.

இன்ஃபரன்ஸ் கேள்வின்னாலே பயமா இருக்கு. பாஸேஜ்ல இல்லாததை எப்படி கண்டுபிடிக்கறது?

இல்லாததை யாரும் கேக்கல தம்பி. சொன்ன ரெண்டு விஷயத்தைச் சேத்தா தவிர்க்க முடியாம வந்து நிக்கற மூணாவது விஷயம், அதுதான் இன்ஃபரன்ஸ். மேல இருக்கற பாராவையே எடுங்க. யாரும் எதிர்க்கல, அதனால கேள்வி இல்ல. இதுல இருந்து "எதிர்ப்பு வர்ற திட்டங்கள் இதை விட நல்லா அலசப்படும்னு ஆசிரியர் கருதறார்"னு ஒரு ஆப்ஷன் வந்தா, அது சரி. "ஆசிரியர் மரம் நடறதை எதிர்க்கணும்னு மக்களைத் தூண்டறார்"னு வந்தா, தப்பு, ரெண்டு படி தாண்டிப் போயிடுச்சு. ஒரு அடிக்கு மேல வெக்காதீங்க. நாம நல்லா யோசிக்கற பிள்ளைங்கன்னா இங்கதான் அடி வாங்குவோம், நமக்குத் தெரிஞ்ச உலக விஷயத்தையெல்லாம் கொண்டு வந்து சேத்துடுவோம். உங்க தெருவுல நட்ட கன்னு எல்லாமே காஞ்சு போயிருக்கலாம், அது உண்மையாவே இருக்கலாம், ஆனா இந்த பேப்பர்ல அது சாட்சி ஆகாது.

வொக்காபுலரிக்கு எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும்?

நான் போன கோச்சிங்ல 3,000 வார்த்தை லிஸ்ட் குடுத்து தினமும் 50 ஒப்பிக்கச் சொன்னாங்க. நாலு மாசம் ஒப்பிச்சேன். தேர்வுல அந்த லிஸ்ட் எனக்கு உதவினது ரொம்பக் கம்மி, அந்த நாலு மாசத்தை நினைச்சா இன்னும் ஆத்திரமா வருது, ஏன்னா அதை வாசிக்கறதுல போட்டிருக்கலாம்.

கேக்கறது என்னன்னா, தெரிஞ்ச வார்த்தைக்கு இந்த இடத்துல என்ன அர்த்தம்னு. சாங்க்ஷன்னு ஒரு வார்த்தை, அனுமதினும் அர்த்தம், தண்டனைத் தடைனும் அர்த்தம், நேர் எதிர். லோன் சாங்க்ஷன் ஆச்சுன்னா சந்தோஷம், ஒரு நாட்டு மேல சாங்க்ஷன் போட்டாங்கன்னா கஷ்டம். ஓவர்சைட், கண்காணிப்புனும் வரும், கவனப்பிசகுனும் வரும். குவாலிஃபைன்னா நமக்கு தகுதி பெறறது மட்டும்தான் தெரியும், ஆனா ஒருத்தர் தன் கருத்தை குவாலிஃபை பண்றார்னா அதுக்கு வரம்பு போடறார், கொஞ்சம் தளர்த்திச் சொல்றார்னு அர்த்தம். இதெல்லாம் லிஸ்ட்ல ஒத்தை அர்த்தத்தோட இருக்கும், அந்த ஒத்தை அர்த்தத்தை வெச்சே ஆப்ஷன் போட்டு ஏமாத்துவாங்க.

செய்ய வேண்டியது: ஆப்ஷனைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த வரிக்குப் போய், வார்த்தையை விரலால மறைச்சுட்டு, அங்க என்ன வந்தா பொருந்தும்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, தமிழ்ல சொன்னாலும் சரி. அப்புறம் ஆப்ஷன்ல அதுக்குப் பக்கத்துல இருக்கறதை எடுங்க. தினமும் படிக்கறதுல இருந்து அஞ்சு வார்த்தையை நோட்டுல எழுதுங்க, வார்த்தையை மட்டும் இல்ல, அது வந்த முழு வாக்கியத்தையும். அஞ்சு போதும்.

படிக்கும்போது தெரியாத வார்த்தை வந்தா நிக்காதீங்க, அதையும் சொல்லிடறேன். நல்லதா கெட்டதானு தொனி தெரிஞ்சா போதும், தாண்டிப் போங்க.

பாஸேஜ் முதல்லயா, கேள்வி முதல்லயா?

பாஸேஜ் முதல்ல. ஒரே பாஸேஜுக்கு அஞ்சாறு கேள்வி வருது, அத்தனை கேள்வியையும் மனசுல வெச்சுக்கிட்டு படிச்சா எதுவும் ஒட்டாது. எந்த வார்த்தையோட அர்த்தம் கேட்டிருக்காங்கனு மட்டும் ஒரு பத்து விநாடி பாத்துட்டு அதைப் பாஸேஜ்ல வட்டம் போட்டுக்கலாம்.

ஆசிரியரோட டோன் என்னனு கேட்டா எப்பவும் தப்பாகுது

டோன்ங்கறது அவர் எந்த விஷயத்தைப் பத்தி எழுதறார்ங்கறது இல்ல, அதை எப்படிப் பாக்கறார்ங்கறது. பட்டினியைப் பத்தி எழுதினா டோன் சோகம்னு போட்டுடறாங்க, ஆனா அவர் கணக்குப் போட்டு நிதானமா விளக்கியிருப்பார். உரிச்சொல்லைப் பாருங்க. "அன்ஃபார்ச்சுனேட்லி"னு ஒரு வார்த்தை, "ஸோ-கால்ட்"னு ஒரு வார்த்தை, இதுல ஆள் மாட்டிக்குவார். அப்புறம் ஹவெவர், யெட், ஆல்தோ, பட் இந்த நாலும் வந்தா அதுக்கு மேல ஒரு அம்புக்குறி போடுங்க. முன்னாடி சொன்னது பெரும்பாலும் அடுத்தவங்க கருத்து, பின்னாடி வர்றதுதான் இவரோடது. ஆல்தோ மட்டும் கவனம், அது வரி ஆரம்பத்துல நின்னா கமாவுக்கு அப்புறம்தான் இவரோட பேச்சு ஆரம்பிக்கும். நல்ல கட்டுரை எழுதறவங்க பெரும்பாலும் எதிராளியோட வாதத்தை ரெண்டு வரி நியாயமா எடுத்துச் சொல்லிட்டுத்தான் மறுப்பாங்க, அந்த ரெண்டு வரியை இவர் கருத்துனு நினைச்சுட்டா அந்த பாஸேஜ்ல மூணு கேள்வி போச்சு.

கதை பாஸேஜ் வந்தா?

கட்டுரையில வாதத்தைத் தேடற மாதிரி இதுல மனசைத் தேடணும். யார் யாரைப் பாக்கறாங்க, பேச்சுல வராதது என்ன, ஆரம்பத்துல இருந்த ஆள் கடைசியில எப்படி மாறினான். ஒரு அம்மா வாசல்ல கோலத்தை ரெண்டாவது தடவை அழிச்சுட்டுப் போடறானு எழுதியிருந்தா, கோலம் சரியா வரலங்கறது இல்ல விஷயம், உள்ள போக மனசு வரல. நம்ம வீட்டுல சிறுகதை படிச்சு வளந்த பிள்ளைங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. படிக்காதவங்க வாரத்துக்கு ரெண்டு சிறுகதை படிங்க, ஒண்ணு தமிழ், ஒண்ணு இங்கிலீஷ்.

தினமும் என்ன படிக்கணும்? பேப்பர் வாங்க வசதி இல்ல

தி ஹிந்து, இந்தியன் எக்ஸ்பிரஸ் ரெண்டுல எதாவது ஒண்ணோட தலையங்கப் பக்கம் போதும், முழு பேப்பர் வேணாம். நூலகத்துக்குப் போங்க. ஊர் கிளை நூலகத்துல இங்கிலீஷ் பேப்பர் போடலன்னா நூலகர்கிட்ட கேளுங்க, நான் கேட்டேன், அவர் தான் வீட்டுக்கு வாங்கற பேப்பரை மறுநாள் கொண்டு வந்து குடுத்தார், அந்த மனுஷனை நான் மறக்க மாட்டேன். பெரிய ஊர்ல இருக்கறவங்களுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கு, சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைன்னா 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் போட்டித் தேர்வுக்குப் படிக்கற பிள்ளைங்க நாள் முழுக்க உக்காந்திருக்கறதைப் பாக்கலாம்.

பிடிச்ச விஷயத்தை மட்டும் படிக்காதீங்க. கிரிக்கெட் கட்டுரை ஓடும், பொருளாதாரம் ஓடாது, தேர்வுல வர்றது ஓடாததுதான். வாரத்துக்கு ரெண்டு நாள் போரடிக்கற தலைப்பா பாத்து எடுங்க, பருவநிலை, தத்துவம், கலை வரலாறுனு. போரடிக்கும்போது மூளை எந்த வரியில கழண்டுக்குதுனு கவனிங்க, அங்க ஒரு புள்ளி வெச்சுட்டு மறுபடி தொடருங்க. ரெண்டு மாசத்துல புள்ளி குறையறது கண்ணுக்குத் தெரியும்.

நெகட்டிவ் மார்க் இருக்கே, தெரியலன்னா விட்டுடலாமா?

தப்புக்கு 0.25 போகும், அதாவது நாலு தப்பு ஒரு சரியை சாப்பிடும். நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடி ஒண்ணு போட்டா சராசரியா பெருசா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. ரெண்டை சாட்சியோட தூக்கிட்டு மிச்ச ரெண்டுல ஒண்ணு போட்டா கணக்கு நம்ம பக்கம். அதனால பாஸேஜை முழுசா படிச்சு ரெண்டு ஆப்ஷனை வெட்டிட்டீங்கன்னா விடாதீங்க, போட்டுடுங்க. பாஸேஜையே படிக்க நேரம் இல்லாம கடைசி நிமிஷத்துல வட்டத்தை நிரப்பற வேலை மட்டும் வேணாம், அந்தப் பதட்டத்துல ஓஎம்ஆர் விடைத்தாள்ல வரிசை மாறிப் போனா சரியா போட்டதும் போயிடும்.

மாக் டெஸ்ட் 40 எழுதிட்டேன், மார்க் ஏறவே இல்ல

40 எழுதினீங்க, எத்தனையைத் திருப்பிப் பாத்தீங்க? இதுல நான் கறாரா இருப்பேன். ஒரு டெஸ்ட் எழுத ரெண்டு மணி நேரம்னா அதைப் பிரிச்சுப் பாக்க மூணு மணி நேரம். ஒரு தப்பு நோட்டு போடுங்க. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் மூணு வரி, நான் எதைப் போட்டேன், எந்த வார்த்தையை நம்பி போட்டேன், சரியான விடைக்கு பாஸேஜ்ல சாட்சி எந்த வரி. சும்மா "கவனக்குறைவு"னு எழுதக்கூடாது, அது காரணமே இல்ல. எங்க திண்ணையில ஒரு பொண்ணு ஆறு வாரம் இப்படி எழுதினா. ஏழாவது வாரம் நோட்டைத் திருப்பிப் பாத்தா அவ தப்புல பாதிக்கு மேல ஒரே விதம், கூட்டிச் சொன்ன ஆப்ஷனை எடுக்கறது. தெரிஞ்ச அன்னைக்கே அழுதுட்டா, அடுத்த மாசம் 24-க்கு 11 வாங்கிட்டு இருந்தவ 17 வாங்கினா.

சரியா போட்டதுலயும் தயங்கினதை ஒரு நட்சத்திரம் போட்டு திருப்பிப் பாருங்க. அது அதிர்ஷ்டம், அறிவு இல்ல.

கேள்விக்கு முதல்ல கன்சார்டியம் தளத்துல இருக்கற பழைய கேள்வித்தாளை எடுங்க, விடையோட இருக்கு, காசு இல்ல. 2020-க்கு அப்புறம் வந்ததா எடுத்து ரெண்டு மூணு தடவை போடலாம். தனியார் டெஸ்ட் சிலதுல ஆப்ஷன் அரைகுறையா இருக்கும், அதுல மார்க் குறைஞ்சா மனசு விட வேணாம். அசல் தேர்வுலயே சில சமயம் விடைல சர்ச்சை வருது, 2024 டிசம்பர்ல நடந்த தேர்வோட ஆன்ஸர் கீ டெல்லி ஹைகோர்ட் தாண்டி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. பழகும்போது ஒரு விடையோட மணிக்கணக்கா சண்டை போடாதீங்க, பத்து நிமிஷம் யோசிச்சும் ஒத்துக்க முடியலன்னா ஓரமா எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்க.

சட்டப் பகுதி பாஸேஜும் இதே முறைதானா?

பெரும்பாலும். ஒரு வித்தியாசம், அங்க பாஸேஜ்ல ஒரு விதி இருக்கும், கேள்வியில ஒரு சம்பவம் இருக்கும், அந்த விதியை இந்த சம்பவத்து மேல வெச்சுப் பாக்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச சட்டம் வேற மாதிரி இருந்தாலும் பாஸேஜ்ல குடுத்ததுதான் அந்த அஞ்சு கேள்விக்கும் சட்டம். முன்கூட்டியே சட்டம் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கு மட்டும் ஏஐலெட்னு தனித் தேர்வு, அதுல 150 கேள்வியில 50 இங்கிலீஷ், அதுக்கும் இதே பயிற்சி உதவும்.

நான் அம்மா பேசறேன்மா. கோச்சிங் ஃபீஸ் கட்ட எங்களால முடியாது, பொண்ணு பின்தங்கிடுவாளோனு பயமா இருக்கு

அம்மா, உங்க பயம் எனக்குப் புரியுது, எங்கம்மாவும் தோடு வெச்சுத்தான் எனக்குக் கட்டினாங்க. இந்த வாசிப்புப் பகுதிக்கு கோச்சிங் கட்டாயம் இல்லம்மா, மனசாரச் சொல்றேன். பேப்பர், பழைய கேள்வித்தாள், ஒரு நோட்டு, தினமும் தொந்தரவு இல்லாத ஒரு மணி நேரம், இது இருந்தா போதும். அந்த ஒரு மணி நேரத்தை நீங்க காப்பாத்திக் குடுங்க, அந்த நேரத்துல தண்ணி பிடிக்க, கடைக்குப் போகக் கூப்பிடாதீங்க. ராத்திரி சாப்பிடும்போது இன்னைக்கு என்ன படிச்சேனு கேளுங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியது இல்ல, அவ உங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லிட்டா அவளுக்குப் புரிஞ்சிருக்குனு அர்த்தம். எங்கம்மா அஞ்சாவதுதான் படிச்சவங்க, "அதுக்கு அவர் என்ன காரணம் சொல்றாரு"னு கேப்பாங்க பாருங்க, அதை விட நல்ல கேள்வியை எந்த வாத்தியாரும் என்னைக் கேக்கல.

அப்ளிகேஷனுக்கே பொதுப்பிரிவுக்கு 4,000, எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு 3,500 வாங்கறாங்க, அதை முதல்லயே எடுத்து வெச்சுக்கோங்க. வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்காக ஷம்நாத் பஷீர்ங்கற பேராசிரியர் 2010-ல ஆரம்பிச்ச ஐடியா-ங்கற அமைப்பு இருக்கு, சட்டக் கல்லூரி மாணவர்களே சேந்து பயிற்சி குடுக்கறாங்க, அவங்களை அணுகிப் பாக்கலாம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டுல இருக்கற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கும் கிளாட் மார்க்லதான் சேக்கறாங்க. கிளாட் கிடைக்கலன்னாலும் நம்ம அம்பேத்கர் சட்டப் பல்கலைக்குக் கீழ வர்ற கல்லூரிகள்ல பன்னெண்டாவது மார்க்கை வெச்சே அஞ்சு வருஷப் படிப்புல சேரலாம், அதனால பொண்ணு முன்னாடி இதை வாழ்வா சாவானு பேசாதீங்க அம்மா.

இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இப்ப என்ன பண்ண?

புதுசா எதையும் தொடாதீங்க. தினமும் நாலு பாஸேஜ், 25 நிமிஷம் அலாரம், அப்புறம் தப்பு நோட்டு. தேர்வு மத்தியானம் 2-ல இருந்து 4 வரைக்கும் நடக்குது, அதனால நீங்களும் சாப்பிட்டுட்டு 2 மணிக்கு உக்காந்து பழகுங்க, அந்த நேரத்துல தூக்கம் கண்ணைக் கட்டும், அதை இப்பவே உடம்புக்குச் சொல்லிக் குடுத்துடணும். ஃபோன்ல படிக்காதீங்க, தேர்வு பேப்பர்ல பேனாவால எழுதறது, பிரிண்ட் எடுத்து அடிக்கோடு போட்டுப் பழகுங்க.

தேர்வு அன்னைக்கு இங்கிலீஷை முதல்ல எடுக்கணுமா கடைசியிலயா?

எந்தப் பகுதியை எப்ப வேணாலும் எடுக்கலாம், தனித்தனி நேரம் கிடையாது. நான் ரெண்டாவதா எடுத்தேன். முதல்ல நடப்பு நிகழ்வு, அதுல தெரியும் இல்ல தெரியாது, சீக்கிரம் முடியும், கையும் மனசும் சூடாகிடும். அப்புறம் இங்கிலீஷ், தலை தெளிவா இருக்கும்போதே. கடைசி அரை மணி நேரத்துக்கு இதைத் தள்ளினா கண்ணு வரி மேல ஓடும், மனசுல ஏறாது. முதல் பாஸேஜ் கஷ்டமா இருந்தா அடுத்ததுக்குத் தாவிடுங்க, திரும்பி வரலாம், ஆனா தாவின உடனே ஓஎம்ஆர்ல விட்ட நம்பரைப் பாத்துக்கோங்க. ஒவ்வொரு பாஸேஜ் முடிஞ்சதும் அந்த அஞ்சாறு வட்டத்தை நிரப்பிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்க, எல்லாத்தையும் கடைசியில நிரப்பலாம்னு வெச்சிருந்த என் ஃபிரண்டு ஒருத்தன் ஒன்பது விடையை பேப்பர்லயே விட்டுட்டு வந்தான்.

வேற கேள்வி இருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திண்ணைக்கு வாங்க, வரும்போது தப்பு நோட்டை எடுத்துட்டு வாங்க.